தேர்வாளரின் வியர்வை

பிரெஞ்சு வாய்மொழித் தேர்வு பத்து நிமிடம். எனக்கு இது மூன்றாவது தடவை. தேறினால் கணவரும் மகளும் இருக்கும் நாட்டுக்கு வேலைக்குப் போகலாம். கோட்டை விட்டால் இன்னும் ஒரு வருடம் மகளைப் போனில்தான் கொஞ்ச வேண்டும். போன இரண்டு தடவையும் என்னைக் கவிழ்த்தவை பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் அந்தத் தம்மாத்துண்டுச் சொற்கள்: லு, லா, லே. "நான் நர்ஸ்" என்றால் முன்னால் எதுவும் வேண்டாமாம். "நான் நல்ல நர்ஸ்" என்றால் ஒன்று ஒட்ட வேண்டுமாம். நல்லவளாக இருப்பதற்குத் தண்டனை!

எதிரே தேர்வாளர். ஐம்பது வயது, இறுக்கிய டை. மேசையில் ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. சமையலறையை வருணிக்கச் சொன்னார். ஒரு சொல்லையும் மொட்டையாக விடாமல் நாலு நிமிடம் ஓட்டிவிட்டேன். அப்போதுதான் அவர் நெற்றியைப் பார்த்தேன். ஏசி அறையில் முத்து முத்தாக வியர்வை. கை தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

பார்க்காதே, பேசு என்று என்னையே அதட்டினேன். ஃப்ரிஜ்ஜுக்கு முன்னால் என்ன வரும்? லு... அவர் பேனா கீழே விழுந்தது.

"தரை! சுவர்! டை!" என்று பிரெஞ்சில் கத்தினேன். எல்லாம் மொட்டைச் சொற்கள். வார்டில் அவசரத்துக்கு யார் அதையெல்லாம் ஒட்டிக்கொண்டிருப்பார்கள்? அவரைத் தரையில் உட்கார வைத்துச் சுவரில் சாய்த்து, டையைத் தளர்த்தி நாடி பிடித்தேன். தாறுமாறாக ஓடியது.

"வெறும் வாயுதான்," என்றார் மூச்சு வாங்கியபடி. "உக்காருங்க. பதிவை அழிச்சுட்டு முதல்லேருந்து ஆரம்பிக்கலாம். நான் இப்ப எழுந்து போயிட்டா, இதுவரைக்கும் பேசினதுக்குத்தான் மார்க். தேற மாட்டீங்க."

பத்து நிமிடம். ஆசையாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவர் பத்து நிமிடம் தாங்குவாரா என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

"நான் நர்ஸ்," என்றேன் பிரெஞ்சில். கதவைத் திறந்து, வெளியே இருந்தவர்களிடம் ஆம்புலன்சைக் கூப்பிடச் சொன்னேன்.

வாசலில் நிற்கும்போது கணவர் போன் செய்தார். "எப்படிப் போச்சு?"

"ஸ்ட்ரெச்சர்ல போனார். பேசிக்கிட்டேதான் போனார்."

"யாரு? நான் உன் பரீட்சையக் கேட்டேம்மா."

அதற்குள் மகள் போனைப் பிடுங்கினாள். "அம்மா, உனக்கும் ஊதா ஸ்வெட்டர் வாங்கியாச்சு. எப்ப வர்றே?"

"பத்திரமா வை, கண்ணு," என்றேன். "அடுத்த குளிருக்குப் போட்டுக்கறேன்."