நோயலின் தாமதங்கள்

ஜனவரி இதழ் வராமலே பிப்ரவரி பிறந்த காலையில் காசிமேட்டு நோயலுக்குப் பாதம் இருக்க வேண்டிய இடத்தில் காற்றுதான் இருந்தது. முதலில் பார்த்தது மீன் விற்கும் ஆவுடையம்மாள். "இன்னா நைனா, செருப்பு செலவு மிச்சமா?" என்றாள். அதற்குமேல் விசாரிக்க யாருக்கும் நேரமில்லை, அன்றைக்கு வஞ்சிரம் வந்திருந்தது.

காரணம் ராயபுரத்துச் சின்ன நூலகமொன்றில் பதிவு வேலை பார்க்கும் கௌசருக்கு மட்டும் தெரியும். நோயல் 'உப்புக்காத்து' என்றொரு பத்திரிகை நடத்தினார். சேதி சேர்ந்தால் வரும், சேராவிட்டால் இல்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் ஊரே கரையில் குந்திக் கவிதை எழுதுவதால் மட்டும் தவறாமல் ஒன்று வந்துவிடும். நூலகத்துப் புது மென்பொருளோ அதைப் பதியும்போது வாரமா, மாதமா என்று கேட்டு நின்றது. கால ஒழுங்கில்லாதது என்று போட்டால் வருஷக் கடைசியில் மேலிடம் கழித்துக்கட்டிவிடும். அதனால் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க ஜூனில் ஒரு பிறந்தநாள் வைக்கிற மாதிரி, நல்ல மனசோடு மாத இதழ் என்று போட்டாள். அவள் செய்த தப்பு அவ்வளவுதான். அன்றிலிருந்து மென்பொருள் மாதாமாதம் ஓர் இதழை எதிர்பார்த்தது, வராவிட்டால் சிவப்பில் 'தாமதம்' என்றது. ஒவ்வொரு சிவப்புக்கும் நோயல் கீழிருந்து கொஞ்சம் குறைந்தார். மார்ச்சில் முழங்கால், ஏப்ரலில் இடுப்பு.

"அண்ணே, மாசம் ஒண்ணு போட்டுடுங்கண்ணே" என்று அழாத குறையாகக் கேட்டாள்.

"காலண்டர் பாத்தா மீனு வருது? சேதியில்லாம போட்டா ஆவுடையம்மா மீன் கட்டக்கூட வாங்க மாட்டா."

மே மாதம் ஓர் இதழ் வந்தது. கௌசர் ஓடிப்போய் ஏற்றினாள். மென்பொருள் அதை ஜனவரிக் கணக்கில் வைத்துக்கொண்டது. பாதம் திரும்பி வந்தது. அதற்கும் மார்புக்கும் நடுவே வெறும் வெளி. மாத இதழ் என்பதை மாற்றப் பார்த்தாள். பதிவையே மூடினால்தான் மாற்றலாம், மூடினால் 'நின்றுபோனது' என்று விழும் என்றது. ஜூலையில் மேலிடத்துக்குப் போன் போட்டாள். "மூடிட்டுப் போங்கம்மா, அதுல என்ன இருக்கு?" என்றார்கள். அதில் இருந்தவர் பாதமும் தலையும் பேனாக் கையுமாக மேசைக்கு எதிரே நின்றிருந்தார். கௌசரின் விரல் 'மூடு' வரை போய்ப் போய்த் திரும்பியது.

"வுடு தங்கச்சி, மூடாத" என்றார் நோயல். "லேட்டுன்னா இன்னும் வரணும்னு யாரோ காத்துகினு கீறாங்கன்னுதான?"

மூடவில்லை. ஆகஸ்டுக்குள் பாதம் தவிர மீதியும் போயிற்று. 'உப்புக்காத்து' இப்போதும் தோன்றுகிறபோது வருகிறது, கௌசர் வருவதற்கு முன்பே மேசைமேல் மை காயாமல் கிடக்கும். அவள் ஏற்றுகிறாள், கீழிருந்து ஒரு துண்டு திரும்புகிறது. அதற்குள் சிவப்பு நாலு வரி முன்னே போயிருக்கும். கணக்கு ஒருநாளும் நேராகாது என்று அவளுக்குத் தெரியும், ஏற்றுவதை நிறுத்தவும் தெரியவில்லை.

காசிமேட்டு ஷேர் ஆட்டோவில் ஓரத்து சீட்டுக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பும் கணுக்காலும் மட்டும் தெரிந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

"நோயல் அண்ணன் குந்திகினு கீறாரு, அப்டிக்கா தள்ளு" என்கிறார் டிரைவர்.

தள்ளி உட்காருகிறார்கள்.