கடலில் இருப்பவர்களின் எண்ணிக்கை

முதல் வீட்டில் ஆறு பேர் என்றார்கள். வாத்தியாரின் கண்ணில் பட்டது மூன்று பேர். அடுத்த வீட்டில் ஏழு என்றார்கள், இருந்தது நான்கு. மூன்றாவது வீட்டுக்கு வருவதற்குள் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"மீதிப் பேர் எங்கம்மா?"

"கப்பல்ல."

"எப்பப் போனாங்க?"

"போன வருஷம்."

"அப்ப இங்க இல்லைன்னு சொல்லுங்க."

அந்தப் பெண் கதவை முகத்தில் அடித்தாற்போல் சாத்தினாள்.

மலைப்பகுதிப் பள்ளியிலிருந்து இந்தத் துறைமுகத்துக்கு மாற்றலாகி வந்தவர் அவர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கப்பல்துறைத் தெரு அவர் தலையில் விழுந்திருந்தது. எண்ணிக்கை முந்நூறுக்குக் கீழே போனால் தெருக்கோடியில் இருக்கும் மருத்துவ அறையை மூடி, நர்சை அக்கரைக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்று நாள் படியேறி இறங்கிய பின் கூட்டிப் பார்த்தார். இருநூற்று அறுபத்தெட்டு.

செய்தி அவருக்கு முன்னால் தெருவைச் சுற்றி வந்துவிட்டது. கப்பலுக்கான கயிறும் வண்ணமும் கொக்கியும் விற்கும் கயிற்றுக்கடை அக்கா, கடைவாசலிலேயே அவரை மறித்தாள்.

"வாங்க வாத்தியாரே. எங்க ஆம்பளைங்கள்ல பாதிப் பேரை ஒரே பேனாவால தீர்த்துட்டீங்களாமே?"

"நான் என்னக்கா பண்றது? ஆறு மாசத்துக்கு மேல வெளியில இருந்தா எழுதக் கூடாதுன்னு படிவத்துல இருக்கு."

"அந்தப் படிவத்தை அடிச்சவன் கடலைப் பார்த்திருக்கானா?"

பார்த்திருக்க மாட்டான் என்றுதான் வாத்தியாருக்கும் தோன்றியது. அது சமவெளியில், தலைநகரில் அச்சான படிவம். அங்கே அறுவடை முடிந்து வேலை தேடிப் போகிறவன் அடுத்த விதைப்புக்குத் திரும்பிவிடுவான். ஆறு மாதம் என்பது அந்த வயல்களின் கணக்கு.

"உங்க ஊர்ல எப்படி?" என்றாள் அக்கா.

"எங்க மலையில நிலம் படிக்கட்டு மாதிரி, கையகலம். கணவாயைத் தாண்டி ஒருத்தன் பிழைக்கப் போனா அன்னிக்கே அவன் படுக்கையைச் சுருட்டிடுவோம். எங்க அண்ணன் காலையில போனான். சாயங்காலமே நாங்க நாலு பேர்னு சொல்ல ஆரம்பிச்சுட்டோம்."

"செத்துட்டாரா?"

"சேச்சே, நல்லா இருக்கான். வருஷத்துக்கு ரெண்டு தடவை போன் பண்ணுவான்."

"அடப்பாவிகளா! உசுரோட இருக்கறவரையா கழிச்சீங்க?"

அதை யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. மலையில் அது வெறும் கணக்கு, அண்ணனே கோபித்துக்கொண்டதில்லை. இங்கேயோ, எங்கிருந்தோ கப்பலில் வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் பாதித் தெரு. ஒரே சுவரின் இருபுறமும் வெவ்வேறு மொழியில் குழந்தைகளைத் திட்டுவார்கள். வந்தவன் தங்கலாம். போனவனும் போய்விட்டதாக அர்த்தமில்லை.

அன்று மேலதிகாரிக்குப் போன் செய்து, கடலில் இருப்பவர்களையும் சேர்க்க அனுமதி கேட்டார். அவர் அலுத்துக்கொண்டே சம்மதித்தார். "கப்பல் பேரும் திரும்பி வர்ற மாசமும் குடுத்தா சேர்த்துக்கோங்க. ஆனா கப்பல் கம்பெனியில கேட்டு ஒவ்வொருத்தரையா சரிபார்ப்பாங்க. ஒரு பேர் பொய்யா இருந்தாலும் மொத்தத் தாளையும் தூக்கிப் போட்டுடுவாங்க. அப்புறம் உங்க நர்சும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

வாத்தியார் மறுபடி முதல் வீட்டிலிருந்து தொடங்கினார். இந்த முறை கதவுகள் தட்டுவதற்கு முன்பே திறந்தன. கப்பல் பெயர்களை ஜன்னலுக்கு ஜன்னல் கத்திச் சொன்னார்கள். முந்நூறு தாண்டியபோது நர்ஸ் தெருவில் இறங்கி வந்து அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

கடைசியாக மிஞ்சியது கயிற்றுக்கடைக்கு மேலிருந்த வீடு. இரண்டு பெண்பிள்ளைகள் தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாங்க அஞ்சு பேர்" என்றவர், கேட்காமலேயே மகனின் கப்பல் பெயரைச் சொன்னார். "அடுத்த மாசம் வந்துடுவான், எழுதிக்குங்க."

வாத்தியார் பேனாவைத் திறந்தார்.

"கீழ வெளிச்சம் நல்லா இருக்கும், அங்க வந்து எழுதுங்க" என்றாள் அக்கா.

கடைக்குள் கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே நின்று, அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள். "அந்தக் கப்பல் முழுகி நாலு வருஷம் ஆச்சு. கம்பெனிக்காரங்க போட்ட கடுதாசி இந்தப் பெட்டியில இருக்கு."

வாத்தியார் அண்ணாந்து மாடிப் பக்கம் பார்த்தார்.

"தெருவுக்கே தெரியும். யாரும் சொல்ல மாட்டாங்க. நானும் வாய்விட்டுச் சொன்னதில்ல."

"எங்கிட்ட மட்டும் ஏன்க்கா?"

"நீங்க வெளியூரு. உசுரோட இருக்கறவங்களையே கழிச்சவங்க. உங்ககிட்டச் சொன்னா கொஞ்சம் லேசா இருக்கும்னு தோணுச்சு." புடவைத் தலைப்பால் கல்லாப்பெட்டியின் மூடியைத் துடைத்தாள். அதில் தூசி எதுவும் இல்லை. "நர்சு போயிடக் கூடாது. நாலுன்னு எழுதுங்க."

எழுதினார். மலையில் பிறந்த கைதான். ஆனாலும் அந்த ஒற்றை எண்ணைப் போட அதற்கு நேரம் பிடித்தது. அவள் தலையைச் சாய்த்து அதைப் படித்தாள்.

"இந்தத் தாள் எங்க போகும்?"

"தலைநகருக்கு. அங்க ஏதாவது ஒரு அலமாரியில வெச்சுப் பூட்டிடுவாங்க."

"இங்க யாரும் பார்க்க மாட்டாங்களே?"

"மாட்டாங்க."

மாடியிலிருந்து பெரியவரின் குரல் இறங்கி வந்தது. "ஏம்மா, வாத்தியார் சரியா எழுதிட்டாரா?"

"எழுதிட்டாரு மாமா" என்று அவள் படிக்கட்டைப் பார்த்து உரக்கச் சொன்னாள். "அஞ்சு பேரையும்."