நாற்பத்தொன்றாவது மீட்டர்

உலகத்தில் ஓடுகிற எந்த வண்டியாக இருந்தாலும் சரி, அதன் இன்ஜின் ஆயிலில் ஒரே ஒரு சொட்டைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து முகர்ந்தால் போதும். அந்த வண்டி எந்தக் கிழமை, எந்தத் தெருவில், எத்தனையாவது மீட்டரில் உயிரை விடும் என்று கார் பட்டறை வைத்திருக்கும் மூக்கர் சொல்லிவிடுவார். ஆயில் மாற்றி எத்தனை நாளாயிற்று என்று கண்டுபிடிப்பதெல்லாம் அவருக்குத் தும்மல் போடுகிற நேரத்து வேலை. ஒருமுறை ஒரு லாரியின் ஆயிலை முகர்ந்துவிட்டு, "டிரைவருக்குப் பல்வலி. இடது பக்கம், கடவாய்ப் பல்" என்றார். டிரைவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டான். பட்டறையில் இருந்த ஏழு மெக்கானிக்குகளும் கண்ணால் பார்த்தவர்கள். ஏழு பேரும் அதை ஏழு விதமாகச் சொல்வார்கள் என்பது வேறு விஷயம்.

நம்பாத ஆள் ஒருவர்தான். மூக்கரின் தங்கையைக் கட்டியவர், நில அளவை அலுவலகத்தில் சர்வேயர். டேப் வைத்து அளக்க முடியாத எதுவும் அவரைப் பொறுத்தவரை உலகத்திலேயே கிடையாது. வீட்டுக் காலண்டர் மூன்று மில்லிமீட்டர் சாய்ந்திருந்தால் அன்று யாருக்கும் சோறு இறங்காது. அதை நிமிர்த்தி, நிமிர்த்தியதை அளந்து, அளந்ததைச் சரிபார்த்த பிறகுதான் மனிதர் உட்காருவார்.

சொந்தக்காரர்கள் எல்லாம் தங்கை வீட்டில் கூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூக்கர் தன் வித்தையைப் பற்றி வழக்கம்போல அளந்துவிட்டு நிமிர்ந்தார். சர்வேயர் டேப்போடு எழுந்து வந்தார்.

"இருங்க மச்சான், கருவி சரியா இருக்கான்னு முதல்ல பார்த்துடுவோம்."

எல்லார் முன்னாலும் மூக்கரின் மூக்கில் டேப்பை வைத்து இழுத்தார். "ஏழு சென்டிமீட்டர். துளை ரெண்டும் சமமா வேற இல்ல. இதை நம்பி வண்டிய எப்படி மச்சான் விடுறது?"

கூரை எழும்பிப் போய்விடும் போலச் சிரித்தார்கள். தங்கையும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததை மூக்கர் ஒரு வாரத்தில் மறந்திருப்பார். தங்கை சிரித்தது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

எழுந்து வாசலுக்குப் போனார். சர்வேயரின் காரைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை உருவினார். நுனியில் இருந்தது ஆயில் இல்லை, தார். வழித்து எடுத்தால் ஒரு சின்ன ரோடே போட்டிருக்கலாம்.

"மாப்பிள்ளை, இதுக்கு ஆயில் மாத்தி எவ்வளவு நாளாச்சு?"

"மாத்துறதா? வாங்கி நாலு வருஷம் ஆச்சு, மாத்துனதே இல்ல. தினம் காலையில அளக்குறேன். மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் சரியா நடுவுல நிக்குது. குறைஞ்சா ஊத்துறேன். அளவு சரியா இருக்கும்போது எதுக்கு மாத்தணும்? கடல்ல தண்ணி மாத்துறாங்களா?"

"ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தணும் மாப்பிள்ளை. இல்லன்னா இன்ஜின் செத்துடும்."

"அது உங்க ஆளுங்க பொழைக்கிறதுக்குக் கிளப்பி விட்ட கதை."

மூக்கர் நகத்தில் ஒரு சொட்டை வைத்தார். கண்ணை மூடினார். முகர்ந்தார்.

"வர்ற வியாழக்கிழமை காலையில. உங்க ஆபீஸ் கேட்டைத் தாண்டி ஒரு ஏத்தம் இருக்கே, அதுல."

"எத்தனாவது மீட்டர்?" என்றார் சர்வேயர், கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தபடி.

"கேட்டுலேருந்து நாப்பத்தொண்ணு."

மறுபடி கூரை எழும்பியது. சர்வேயர் அதை நோட்டில் எழுதியே வைத்தார், கிழமையோடு.

வியாழக்கிழமை என்ன நாள் என்பது மூக்கருக்குத் தெரியாமல் இல்லை. தலைமை சர்வேயர் நாற்காலி காலியாக இருந்தது. யாரை உட்கார வைப்பது என்று முடிவு செய்ய இயக்குநர் அம்மாவே நேரில் வருகிறார். குன்றின் மேல் புதிதாக நட்ட அளவைக் கல்லை அவர் பார்க்க வேண்டும். அலுவலக ஜீப் வெளியூரில். "என் வண்டியிலயே கூட்டிட்டுப் போறேன் மேடம்" என்று நம் சர்வேயர் முந்திக்கொண்டு சொல்லியிருந்தார். ஓய்வு பெற எட்டு மாதம். இருபத்தெட்டு வருடம் பார்த்து ஏங்கிய நாற்காலி. இதை விட்டால் இனிக் கனவில்தான் உட்கார வேண்டும்.

புதன்கிழமை மத்தியானம் பட்டறை வாசலில் அதே கார் வந்து நின்றது. ஓட்டி வந்தது தங்கை.

"அண்ணே, அவர் வெளியில அளக்கப் போயிருக்காரு. அவருக்குத் தெரிய வேண்டாம். நீ ஆயிலை மாத்திக் குடுத்துடு."

"அவருக்குத்தான் நம்பிக்கை இல்லையே?"

"எனக்கு இருக்குண்ணே. நீ சொன்னதுலேருந்து நான் தூங்கவே இல்ல. இந்தப் பதவி கிடைக்கலன்னா மனுஷன் உடைஞ்சே போயிடுவாரு. அன்னிக்கு நான் சிரிச்சது தப்புதான்."

"அட, அதையெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேம்மா. போ, அந்த ஃபேனுக்கு அடியில உக்காரு. அரை மணி நேர வேலை."

காருக்கு அடியில் புகுந்து நட்டைக் கழற்றினார். விருந்துக்கு வந்து மூன்று மாதம் தங்கிவிட்ட சொந்தக்காரரைப் போல, கிளம்ப மனமே இல்லாமல் ஆயில் இறங்கியது. இறங்கி முடிந்தபோது ஒரு தட்டு நிறையக் கறுப்பு. பக்கத்திலேயே புது டின், நாலு லிட்டர், திறந்தால் தேன் நிறம்.

மூக்கர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். புதுசை ஊற்றினால் வண்டி இன்னும் ஒரு வருடமாவது இழுக்கும். வியாழக்கிழமை வரும், போகும். மாப்பிள்ளை நாற்காலியில் உட்காருவார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தலைமை சர்வேயரின் டேப் ஏழு சென்டிமீட்டரை மறுபடி அளக்கும். இவள் மறுபடி சிரிப்பாள்.

நட்டை முறுக்கினார். புது டின்னைத் தரையில் நாலு தடவை நங் நங்கென்று வைத்தார், அவள் காதில் விழட்டும் என்று. பிறகு தட்டிலிருந்த பழைய ஆயிலைத் துணியில் வடிகட்டி, ஒரு சொட்டு சிந்தாமல், வந்த இடத்துக்கே அனுப்பி வைத்தார்.

"முடிஞ்சுதும்மா. இனி பட்டு மாதிரி ஓடும்."

அவள் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"விடும்மா, கையெல்லாம் அழுக்கு."

"எங்க அண்ணன் கைதானே" என்றாள்.

வியாழக்கிழமை காலை பட்டறைக்கு விடுமுறை. மூக்கரும் ஏழு மெக்கானிக்குகளும் ஏற்றத்துக்கு எதிரே இருந்த குட்டிச் சுவரில் வரிசையாக ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். பத்தரைக்குக் கார் வந்தது. சர்வேயர் ஓட்ட, பக்கத்தில் இயக்குநர் அம்மா. பின்னால் இரண்டு அதிகாரிகள், ஓரத்தில் டீ பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு தங்கை. அண்ணனைப் பார்த்ததும் அவள் புன்னகை செய்தாள். கண்ணாலேயே நன்றி சொன்னாள்.

கார் கேட்டைத் தாண்டி முக்கி முனகி ஏறியது. ஜன்னல்கள் திறந்திருந்ததால் சுவர்வரை எல்லாம் கேட்டது.

"அது என்ன சிவப்பு லைட் எரியுது?"

"அளவு சரியா இருக்கு மேடம். காலையிலதான் பார்த்தேன்."

"டக்கு டக்குனு சத்தம் வருதே?"

"அளவு சரியா..."

பாத்திரம் நிறைந்த அலமாரி ஒன்றை உள்ளே யாரோ தள்ளிவிட்டது போல இருந்தது. ஒரு பெரிய சத்தம். பிறகு சத்தமே இல்லை. இன்ஜினின் வயிறு கிழிந்து, கறுப்பாக ஒரு கோடு சரிவில் இறங்கி வந்தது. புகை மூக்கரின் மூக்குக்கு எட்டியபோது, நல்ல சாப்பாட்டு வாசனை வந்தவரைப் போல அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இயக்குநர் அம்மா இறங்கினார். புதுச் செருப்பு கறுப்பில் பதிந்தது. அதைப் பார்த்தார், சர்வேயரைப் பார்த்தார்.

"உங்க வண்டிக்குள்ள என்ன இருக்குன்னே உங்களுக்குத் தெரியல. ஒரு மாவட்டத்து நிலத்தை எப்படிங்க உங்ககிட்ட குடுக்கிறது?"

பின்சீட்டு அதிகாரிகளில் இளையவர் அதற்குள் குடையை விரித்துவிட்டார். குடைக்கடியில் தலைமை சர்வேயர் நாற்காலியும் சேர்ந்து குன்றேறிப் போனது. சுவரில் இருந்த ஏழு பேரும் விசில் அடித்தார்கள்.

தங்கை குனிந்து, ஓடுகிற கறுப்பை ஒரு விரலால் தொட்டாள். நேற்று ஊற்றிய ஆயிலின் நிறமா இது? நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். மூக்கர் பார்வையை விலக்கவில்லை. அவள் வாயைத் திறக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். திறந்தால், கணவனுக்குத் தெரியாமல் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்ததை முதலில் சொல்ல வேண்டும். அவர் ஒருநாளும் நம்பாத வித்தையை அவள் நம்பியதைச் சொல்ல வேண்டும். இன்றைக்கு, இந்த ரோட்டில் வைத்து, அதை அவரிடம் சொல்லக்கூடியவள் அல்ல அவள்.

சர்வேயர் டிக்கியைத் திறந்து நீள டேப்பை எடுத்தார்.

"ஏய், இந்த முனையைப் பிடிச்சிட்டு கேட்டுல நில்லு."

"வேண்டாங்க. வீட்டுக்குப் போலாங்க."

"பிடி."

பிடித்தாள். முப்பது மீட்டர் டேப். ஒருமுறை நீட்டி, ரோட்டில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, அங்கிருந்து மறுபடி நீட்டி, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டி போட்டார். படித்தார். எழுந்து போய் முதலிலிருந்து இன்னொரு தடவை அளந்தார்.

"என்ன மாப்பிள்ளை, எவ்வளவு வருது?" என்றார் மூக்கர். "சத்தமா சொல்லுங்க, இவங்களுக்கும் கேக்கட்டும்."

முப்பத்தொன்பது என்று சொல்லியிருக்கலாம். யாரும் இறங்கி வந்து பார்க்கப் போவதில்லை. ஆனால் அந்த மனிதருக்கு அந்த ஒரு பொய் மட்டும் வரவே வராது. டேப்பைச் சுருட்டிக்கொண்டே மனைவி நின்ற இடம்வரை இறங்கி வந்தார். சுவரின் பக்கம் திரும்பவில்லை.

"நாப்பத்தொண்ணு" என்றார் அவளிடம். "நான்தான் நம்பாம போயிட்டேன். உங்கண்ணன் சொன்னபடியே நடந்துடுச்சு."