உர்போவின் பட்டம்

மே மாதத்துச் சனிக்கிழமை. பின்லாந்துக் கடற்கரையின் ஒரு விரிகுடாவில், நாணல்களுக்கு மேலே நிற்கும் மரக் கோபுரத்தில் விடியும்போதே குழுவினர் எல்லோரும் ஏறிவிட்டார்கள். கோபுரங்களுக்கிடையே நடக்கும் பறவைப் போட்டி. மதியம் ஒரு மணிக்கு முடிந்துவிடும். எந்தக் கோபுரத்திலிருந்து அதிக வகைப் பறவைகள் தென்படுகின்றனவோ அதற்கே வெற்றி. ஒருவர் மட்டும் பார்த்தால் கணக்கில் சேராது. இன்னொருவரும் பார்த்தாக வேண்டும்.

அந்த இன்னொருவர்தான் ரௌனிக்குக் கிடைக்கவில்லை. போன வருஷம், "கடற்கழுகு! கடற்கழுகு!" என்று அவள் கூவிய கூவலில் கோபுரமே ஆடியது. மற்றவர்கள் காப்பியைக் கொட்டிக்கொண்டு ஓடிவந்து பார்த்தால், காக்கை விரட்ட அதே குழுவின் உர்போ தன் வயலில் கட்டிவிட்டிருந்த கழுகுப் பட்டம். அன்றிலிருந்து அவள் பட்டக்காரி. இந்த வருஷம் ஒரே ஒரு பறவையாவது தன் கண்ணால் கோபுரத்தின் கணக்கில் சேர வேண்டும் என்ற வைராக்கியத்தோடு வந்திருந்தாள்.

"எதிர்க்கரைக் கோபுரமும் நாமளும் இப்ப சரிசமம்," என்றாள் குழுத்தலைவி சைமி, போனைப் பார்த்தபடி. "தோத்தா அவங்களுக்கு நாமதான் சாசேஜ் சுட்டுப் போடணும்."

"பட்டக்காரி இருக்கறப்ப என்ன கவலை? ஏரோப்பிளேனைச் சேர்த்துடுவா," என்றான் உர்போ, வாய் நிறைய ஏலக்காய் பன்னோடு.

ரௌனி தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து இறக்கவில்லை. மேகத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி சுற்றிக்கொண்டிருந்தது. சிறகையே அடிக்கவில்லை. கழுத்து நீண்டிருந்தது, ஆனால் பெருங்கொக்கும் அப்படித்தான் நீட்டும். வாயைத் திறக்காதே ரௌனி, அது திரும்பட்டும். கை கடுத்தது. காத்திருந்தாள். பறவை மெல்லச் சாய்ந்தது. வெயில் பட்டதும் உடம்பு வெள்ளை வெளேரென்று மின்னியது. சிறகின் பின்பாதி கறுப்பு. வாலுக்குப் பின்னால் சிவப்புக் கால்கள்.

செங்கால் நாரை! பின்லாந்தின் இந்தக் கரைக்கு அது வழி தவறித்தான் வரும்.

"உர்போ, நாரைப்பா. மேகத்துக்கு இடப்பக்கம் பாரு."

"அப்படியா? வீட்டு வீட்டுக்குக் குழந்தை கொண்டாந்து போடும்னு கதை சொல்வாங்களே, அந்த நாரையா? அலகுல குழந்தை தொங்குதா பாரு, யார் வீட்டுக்குன்னு கேட்டுச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர்கூடத் தொலைநோக்கியைத் தூக்கவில்லை. பறவையோ மேகத்துக்குள் நுழையப் பார்த்தது.

ரௌனி ஒரு கணம் யோசித்தாள். பிறகு சலித்துக்கொண்டாள்.

"அட, நாரையாவது ஒண்ணாவது! உர்போவோட பட்டம்தான். நூல் அறுந்து தண்ணிக்கு மேல போகுது."

"என்னது!" உர்போ பன்னைப் பலகையில் போட்டுவிட்டு எழுந்தான். மற்றவர்கள் மட்டும் சிரிக்கிற வாய்ப்பை விடுவார்களா? அத்தனை தொலைநோக்கிகளும் ஒரே பக்கம் திரும்பின.

சிரிப்புச் சத்தமே வரவில்லை.

"நாரை!" என்று கத்தினான் உர்போ. "செங்கால் நாரை! நான் பார்த்துட்டேன்!"

"நானும்!" என்றாள் சைமி.

ரௌனி பலகையில் கிடந்த பன்னை எடுத்து ஒரு கடி கடித்தாள்.

"எனக்கென்னமோ பட்டம் மாதிரிதான் தெரிஞ்சுது. நல்லாப் பார்த்துச் சொல்லு உர்போ. அப்புறம் ஊர் சிரிக்கும்."