அரைத் திருகல்

"தலையக் கொஞ்சம் தூக்கிப் புடி கண்ணு" என்றார் மாதப்பன் மாமா.

மேகலா அப்பாவின் தலையைத் தூக்கினாள். தாடைக்கடியில் துணியைக் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டார் மாமா. லேத் ஆபரேட்டரான அப்பா கிருஷ்ணப்பன் காலை ஷிப்டுக்குக் கிளம்பியவர், வாசலிலேயே சரிந்து இறந்து இரண்டு மணி நேரமாகியிருந்தது.

"துணி திருகிக்கிச்சு மாமா."

"கெடக்கட்டும். யாரு பாக்கப் போறா?"

அவள் பார்த்தாள். 

அரைத் திருகலோடு முனை சேர்ந்த நாடாவுக்கு உள், வெளி என்று இரண்டு பக்கம் கிடையாது, ஒரே பக்கம்தான். வடிவங்களை வெட்டி ஒட்டிப் பார்க்கிற அவளுடைய கணிதத்தில் இது அரிச்சுவடி. ஆனால், தன் நிரூபணத்தின் பதினேழாம் பக்கத்தில், வெட்டிய துண்டு எதுவும் இப்படி வராது என்று ஒரே வரியில் தாண்டியிருந்தாள்.

வரும்!

மூன்று வருஷ உழைப்பு. கட்டுரை அச்சுக்குப் போகிறது. அதை வைத்துத்தான் அடுத்த மாதம் பெங்களூரில் நேர்முகத் தேர்வு, நிரந்தர வேலை.

கொல்லைப்புறம் போய், தன் ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் பிரதாப்புக்கு போன் போட்டு ஓட்டையைச் சொன்னாள்.

"அப்பா போன அன்னிக்கா இதெல்லாம்? இன்டர்வியூ முடியட்டும்மா. அதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க."

"நான் கண்டுபிடிச்சிட்டேனே சார்."

"வேலை போயிரும்."

"போகட்டும். பதினாறு பக்கம் அசையாம நிக்குது. கட்டுரைய நிறுத்தச் சொல்லுங்க. இன்டர்வியூவுக்கு வந்து, ஓட்டை எங்கன்னு நானே போர்டுல எழுதிக் காட்டறேன்."

 "சரி, பத்திரிகைக்கு எழுதிடறேன்" என்றார் பிரதாப்.

உள்ளே வந்தபோது கம்பெனி ஆட்கள் மாலையோடு நின்றிருந்தார்கள். அவர்களில் திம்மப்பன் அம்மாவிடம் குனிந்தார்.

"நேத்து மொத்த ஷிப்டுக்கும் அண்ணன் மைசூர்பாக் குடுத்தாருங்க்கா. பாப்பாவுக்கு வேலை ஆயிருச்சாம்ல?"

அம்மா வீரலட்சுமி நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

"இன்னும் ஆகலீங்ண்ணா" என்றாள் மேகலா. 

திம்மப்பன் போய், கிடத்தியிருந்தவர் மேல் மாலையைப் போட்டார். அம்மா பாயில் நகர்ந்து இடம் விட்டாள்.

பக்கத்து வீட்டு சரோஜம்மாள் நீட்டிய காப்பியை வாங்கி, அப்பாவின் காலருகே அந்த இடத்தில் உட்கார்ந்தாள் மேகலா. டம்ளரில் ஆடை கட்டிச் சுருங்கும்வரை அது அவள் கையிலேயே இருந்தது.