மாடியில் ஏழு கிலோ

மாடிக்காரி வாஷிங் மெஷின் வாங்கிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வாங்கினால் வாங்கட்டும், அவள் காசு, அவள் மெஷின். ஆனால் அன்று முதல் அத்தையின் துணிகள் மாடிக்குப் போக ஆரம்பித்தன. என் வயிற்றெரிச்சல் அதுதான்.

மாடிக்காரி என் ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. அவர்கள் இருவரும் மேலே, நாங்கள் கீழே. அத்தை, அதாவது எங்கள் இருவருக்கும் மாமியார், கீழே எங்களோடு இருக்கிறார். நான் கல்யாணமாகி வந்த நாள் முதல் அவர் துணியை என் கையால்தான் துவைத்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. "பெரியவ துவைச்சா பழசுகூடப் புதுசாயிடும்" என்று வீட்டுக்கு வந்தவர்களிடம் அத்தை ஒருமுறை சொன்னார். அந்த ஒரு பேச்சுக்காக இடுப்பு ஒடியக் குனிந்து நிமிர்ந்தேன். நேற்று வந்தவள் ஒரு பொத்தானை அழுத்தி அதைத் தட்டிப் பறித்துக்கொண்டாள்.

"உனக்கும் வேலை குறையுதேம்மா, முதுகு வலிக்குதுன்னியே" என்றார் அத்தை, துணி வாளியோடு படியேறிக்கொண்டே. முதுகாவது தைலம் தேய்த்தால் கேட்கும்.

அந்த மாதமே என் கணவரைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'சரிதான்'. எதைச் சொன்னாலும் அதைத்தான் சொல்வார். கடையில் கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளர் பொறுமையாகக் கேட்டார்.

"வீட்டுல எத்தனை பேருங்க?"

"மாடியில ஏழு கிலோ மெஷின் இருக்கு" என்றேன்.

"அது சரி, உங்க வீட்டுல?"

"எனக்கு ஒன்பது கிலோ வேணும்."

"தண்ணி உப்புத் தண்ணியா?"

"மாடிக்கு என்ன வருதோ அதேதான் எங்களுக்கும் வருது."

என் இடுப்பை நான் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, மேலே திறக்கிற மாடலைக் காட்டினார். குனிய வேண்டாம், முதுகுக்கு நல்லது, விலையும் குறைவு என்றார். எல்லாம் நியாயம்தான். ஆனால் மாடியில் இருப்பது முன்னால் கண்ணாடிக் கதவு வைத்தது. நான் மேல்மூடி வைத்ததை வாங்கிக்கொண்டு போய் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? கண்ணாடிக் கதவுதான் வேண்டும், அதுவும் பெரிதாக வேண்டும் என்றேன். "சரிதான்" என்றார் சரிதான். பராமரிப்பைப் பற்றி அந்த மனிதர் இன்னும் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். வண்டியை எங்கே நிறுத்தி இறக்கினால் மாடி பால்கனியிலிருந்து நன்றாகத் தெரியும் என்ற யோசனையில் நான் இருந்தேன்.

மெஷினைப் பொருத்த வந்தவர் போகும்போது இரண்டு விஷயம் சொன்னார். சோப்புத்தூள் கொஞ்சம் போதும். துவைத்து முடித்ததும் கதவைச் சற்றுத் திறந்தே வையுங்கள். மாடிக்காரியும் அப்படித்தான் எப்போதும் திறந்து போட்டிருப்பாள். வருகிறவர் போகிறவர் எல்லாம் அந்தப் பளபளப்பைப் பார்க்கட்டும் என்றுதான் அவள் திறந்து வைக்கிறாள் என்பது என் தீர்மானம். எனக்கு அந்தப் பகட்டு வேண்டாம். சோபாவுக்கும் மெத்தைக்கும் உறை தைப்பது என் தொழில். மெஷினுக்கு நல்ல கெட்டி ரெக்சினில், உள்ளே பஞ்சு கொடுத்து, கீழே எலாஸ்டிக்கும் முன்னால் ஜிப்பும் வைத்து ஓர் உறை தைத்தேன். என் கைத்தொழிலை நானே மெச்சக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், காற்றுகூட உள்ளே போக முடியாது. துவைத்ததும் கதவை அழுத்திச் சாத்தி, உறையைப் போட்டு, ஜிப்பை இழுத்துவிடுவேன்.

"என்னக்கா, மெஷினுக்குக் குளிருமா?" என்று கேட்டாள் மாடிக்காரி.

பொறாமையில் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வெகு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சாப்பாடு ருசித்தது.

அடுத்த நாள் காலையில் அத்தை தன் அழுக்குத் துணிகளைக் கொண்டுவந்து என் கூடையில் போட்டார். நான் ஒன்றும் நடக்காதது போல முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் தலைகால் புரியவில்லை. அத்தை துணிக்கு மட்டும் சோப்புத்தூளை இரண்டு பங்கு அள்ளிப் போட்டேன். நுரை கண்ணாடியை முட்டிக்கொண்டு நின்றது. அதையும் பெருமையாகத்தான் பார்த்தேன்.

சில வாரங்கள் போயின. என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றி வீசினாள். "அம்மா, இது ஈரச் சாக்கு மாதிரி நாறுது" என்றாள். வியர்வை என்று அவளை அதட்டினேன். சரிதான் வாசனைத் திரவியம் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார். கேட்டால் ஆபீஸில் எல்லோரும் அடிக்கிறார்கள் என்றார். எனக்கும் மூக்கு இருக்கிறது. தெரியாமல் இல்லை. ஆனால் மாடி மெஷின் மணக்கிறது, என் மெஷின் நாறுகிறது என்று ஒப்புக்கொள்ள மனசு வர வேண்டுமே. சோப்புத்தூளை இன்னும் கூட்டினேன். நாற்றமும் கூடியது.

ஒருநாள் அத்தையின் அலமாரியில் துணி அடுக்கப் போனேன். முந்தைய முறை நான் துவைத்து மடித்து வைத்த துணிகள் அங்கே இருந்தன. எடுத்து முகர்ந்தேன். நாற்றமே இல்லை. மறுபடி முகர்ந்தேன். அது மாடி வாசனை. துணி மணக்க அவள் மெஷினில் ஊற்றுகிற நீலத் திரவத்தின் வாசனை எனக்குத் தெரியாதா? மடிப்பும் என் மடிப்பு இல்லை.

அன்று மதியம் கடைவீதிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, வாசலோரம் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரை ஒட்டி நின்றேன். கொஞ்ச நேரத்தில் அத்தை வெளியே வந்தார். காலையில் நான் துவைத்து மடித்துக் கொடுத்த துணிகள் வாளிக்குள் இருந்தன. மேலே ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார். முழங்கால் வலியில் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். நானும் ஓசைப்படாமல் பின்னாலேயே ஏறினேன்.

மாடிக் கதவு ஒருக்களித்திருந்தது.

"அத்தை, அக்காகிட்ட நானே பக்குவமா சொல்லிடட்டுமா? அந்த மெஷின் கதவு ரப்பரைத் துடைச்சாலே போதும்" என்றாள் மாடிக்காரி.

"வாயை மூடிக்கிட்டு துவைடி, கழுதை. அவ காதுல விழுந்துதுன்னா உன் தோலை உரிச்சிடுவேன்."

மாடிக்காரி சிரித்தாள். அத்தையும் சிரித்தார். அதன் பிறகு மெஷின் ஓடும் சத்தம்தான் கேட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் எனக்கு உபகாரம் வேறு செய்திருக்கிறாள் மகராசி, வெளியே ஒரு மூச்சு விடாமல். திட்டித் தீர்க்கவாவது அவளிடம் ஒரு குறை கிடைக்கக் கூடாதா?

கீழே வந்து என் மெஷினின் உறையைக் கழற்றினேன். கதவின் உட்பக்க ரப்பர் மடிப்பை விரலால் பிரித்தால், உள்ளே கன்னங்கரேலென்று வழவழப்பு, மகளின் ஒற்றைக் காலுறை, தேங்கிய தண்ணீர். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். சோப்புத்தூள் போடும் தட்டை உருவினால், மாவு பிசைந்தது போல அடியில் ஒட்டியிருந்தது. அதையும் சுரண்டினேன். அடியில் இருந்த வடிகட்டியைத் திருகிக் கழற்றியதும் சாக்கடைத் தண்ணீர் என் கால்மேல் கொட்டியது. வினிகர் ஊற்றி, துணி இல்லாமல், சுடுதண்ணீரில் இரண்டு தடவை ஓடவிட்டேன். பிறகு கதவைத் திறந்து போட்டுவிட்டு அத்தையின் அறைக்குப் போனேன். அதற்குள் அவர் இறங்கி வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"மெஷினைச் சுத்தம் பண்ணிட்டேன் அத்தை. இனிமே நாறாது."

அத்தையின் முகம் வெளுத்தது.

"நாறுதுன்னு ஏன் என்கிட்ட சொல்லல?"

"ஆசை ஆசையா வாங்கினே. எப்படிம்மா சொல்றது?"

"மாடியில இருக்கறவகிட்ட எல்லாத்தையும் சொல்றீங்களே. கழுதைங்கறீங்க, தோலை உரிப்பேங்கறீங்க."

"அவகிட்ட என்ன, எதை வேணும்னாலும் சொல்லலாம். திட்டினா சிரிப்பா." அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன்கிட்ட பார்த்துத்தான் பேசணும். முகம் சட்டுனு வாடிடும் உனக்கு. எனக்குப் பயமா இருக்கும்."

குத்திக் காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். என் மாமியார் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை என்று, உறை தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் நான் பெருமையடித்திருக்கிறேன். மாடிக்காரி தினமும் வாங்கிக் கட்டிக்கொள்வதைக் கேட்டுக் கீழே நின்று சந்தோஷப்பட்டும் இருக்கிறேன். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோது வந்த பொறாமைக்கு முன்னால், மெஷினைப் பார்த்து வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அந்த ஒரு 'கழுதை'க்காக ஒன்பது கிலோவையும் தூக்கிக் கொடுத்திருப்பேன்.

"என்னையும் திட்டுங்க அத்தை" என்றேன். "சோப்பை அள்ளிக் கொட்டினேன்ல, உறையைப் போட்டு மூடினேன்ல. வாய்க்கு வந்தபடி திட்டுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். உதடு லேசாக அசைந்தது. வார்த்தைக்காக அவர் உண்மையிலேயே தேடினார் என்றுதான் நினைக்கிறேன்.

"உன்னைப் போய் எதுக்கும்மா திட்டணும்? நீ ரொம்ப நல்ல பொண்ணு" என்றார்.

பிறகு எழுந்து, கொடியில் கிடந்த தன் அழுக்குத் துணிகளை ஒன்றுவிடாமல் எடுத்து என் கூடையில் போட்டார். போட்டுவிட்டு, வெறுங்கையோடு மாடிப்படி ஏறினார்.