மிஞ்சிய மீன்கள்

தெருவில் அவருக்கு 'கொசு ஆபீசர்' என்று பெயர். உண்மையில் ஆபீசரும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. நகராட்சியின் கொசு ஒழிப்புப் பிரிவில் வாளி தூக்கும் வேலை. வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் டார்ச் அடித்துப் பார்ப்பார். புழு நெளிந்தால், கொசுப்புழுவைத் தின்னும் சின்ன மீன்கள் சிலவற்றைத் தொட்டியில் விட்டுவிட்டு வருவார். கம்பூசியா என்று பெயர். பெயர்தான் பெரிசு, மீன் என்னவோ சுண்டுவிரல் அளவுதான்.

தொட்டியிலும் கிணற்றிலும் மட்டும்தான் விட வேண்டும், குளம் கால்வாய்ப் பக்கமே போகக்கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். அவரும் பெரிதாகத் தலையை ஆட்டியிருந்தார். ஆனால் சாயங்காலம் வாளியில் மிஞ்சுகிற மீனை என்ன செய்வது என்று கேட்டபோது, நகராட்சியின் மீன் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆள் திரும்ப வாங்க மாட்டேன் என்றுவிட்டான். வெளியே போய் வந்த மீன் நோயைக் கொண்டுவந்துவிடுமாம். "குழி வெட்டிப் புதைச்சிடுங்க" என்றான், ஏதோ குப்பையைச் சொல்வதுபோல.

கொசுவைக் கொல்லத்தான் அவருக்குச் சம்பளம். மீனைக் கொல்ல மனசு வரவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் தெருமுனையில் ஒரு குளம் இருந்தது. முதல் நாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாளியைக் கவிழ்த்தார். பிறகு சுற்றிப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். ஒவ்வொரு தடவையும் ஏதோ அன்னதானம் செய்துவிட்டு வருகிறவர் மாதிரி நெஞ்சு நிறைந்து வீட்டுக்குப் போவார். அந்தக் கருணைதான் பின்னால் அவர் கழுத்தைப் பிடித்தது.

அவர் மனைவி பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி அடுக்குவதிலிருந்து நுண்ணோக்கியைத் துடைப்பதுவரை அவள் பொறுப்பு. பிடித்த பிடியை விடாதவள். வருஷா வருஷம் பிள்ளைகளுக்குக் காட்ட அந்தக் குளத்தில்தான் தலைப்பிரட்டை பிடிப்பாள். இந்த வருஷம் கரை முழுக்க வலை போட்டும் ஒன்றுகூடச் சிக்கவில்லை. வலைக்கு வலை ஒரே சாம்பல் நிறப் பொடி மீன்தான். இரண்டைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு நேரே சமையலறைக்கு வந்து, அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"என்னங்க மீன் இது? வாய் மேல பாத்தாப்ல இருக்கு. ஒண்ணுக்கு வயித்துக்கிட்ட கறுப்பா ஒரு புள்ளி வேற."

கர்ப்பமான பொட்டை என்று பார்த்த மாத்திரத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த மீனை இருட்டில் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடக்கூடியவர்.

"தெரியலையே. ஏதோ பொடி மீன்" என்றார்.

"மீனோடயே குடும்பம் நடத்துறீங்க, உங்களுக்கே தெரியலையா?"

"ஆயிரம் மீன் இருக்கு. எனக்கு எல்லாமும் தெரியுமா?" என்று எரிந்து விழுந்தார். பொய் சொல்லும்போது கோபமும் கூடவே வந்துவிட்டால் கொஞ்சம் வசதி.

மறுநாள் பள்ளியின் உயிரியல் ஆசிரியை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, பெயர் சட்டென்று வரவில்லை, ஆனால் இது இந்தக் குளத்து மீனே இல்லை என்றாராம். வெளியிலிருந்து யாரோ கொண்டுவந்து விட்டது. தவளை முட்டை, மீன் குஞ்சு என்று கண்டதையெல்லாம் தின்று தீர்த்துவிட்டுத் தான் மட்டும் பெருகும். வளர்ப்பு மீன் கடைகளிலிருந்து இப்படி வருவது உண்டு என்றும் போகிற போக்கில் சொல்லிவிட்டார்.

போதாதா? தெருவில் வளர்ப்பு மீன் கடை ஒன்றே ஒன்றுதான். பேசவே கூச்சப்படும் ஓர் இளைஞனுடையது. சாயங்காலமே அவள் பாட்டிலோடு கடை வாசலில் போய் நின்றாள். "வாங்க அக்கா" என்று சிரித்துக்கொண்டு வந்தவனை அந்தச் சிரிப்போடு நிறுத்தினாள்.

"விக்காத மீனைக் குளத்துல கொட்டுறியா தம்பி? உன் வீட்டுக் குப்பைத் தொட்டியா அது? ஒரு தவளை இல்ல, ஒரு குஞ்சு இல்ல. நீ பொழைக்கறதுக்கு ஒரு குளமே சாகணுமா?"

கூட்டம் கூடிவிட்டது. கடைக்காரன் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தினான். வேலை முடிந்து வந்து, அவள் தோளுக்குப் பின்னால் காலி வாளியோடு நின்றுகொண்டிருந்த கொசு ஆபீசரின் கண்ணில் அவன் கண் பட்டது.

"நான் விடல அக்கா" என்று மட்டும் சொல்லிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தான்.

'நான்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்த ஒரு வார்த்தை அவர் தொண்டைவரை வந்தது. வேலை போய்விடுமோ, தெரு சிரிக்குமோ, இவள் என்ன சொல்வாளோ என்று எண்ணி அதை மென்று விழுங்கிவிட்டு, "வா, போலாம்" என்று மனைவியை வீட்டுக்கு அழைத்துப் போனார்.

தெருவுக்கு விஷயம் கிடைத்துவிட்டால் விடுமா? குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் அந்தக் கடையைத் தாண்டிப் போக ஆரம்பித்தார்கள். 'குளத்தைக் கொன்னவன்' என்று ஷட்டரில் எவனோ கரியால் எழுதினான். கடைக்காரன் காலையில் ஈரத்துணியால் அதைத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்த நாளிலிருந்து கொசு ஆபீசர் வேறு தெரு வழியாக வேலைக்குப் போனார். சாப்பாடு இறங்கவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று தினமும் எழுந்தார், தினமும் சொல்லாமல் படுத்தார். சீச்சி என்று இருந்தது அவருக்கே. மிஞ்சிய மீனை இப்போது குழி வெட்டிப் புதைத்தார். அதனால் யாருக்கு என்ன லாபம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி தெருவையே திரட்டிவிட்டாள். மதகைத் திறந்து குளத்துத் தண்ணீரைக் கால்வாயில் விட்டுவிடுவது, வற்றியதும் மீனை அள்ளிப் போட்டுவிட்டுக் குளத்தைப் புதிதாக நிரப்புவது. திட்டம் முழுக்க அவளுடையது. மண்வெட்டியும் கூடையுமாகக் கரை நிரம்பியிருந்தது. யாரும் கூப்பிடாமலேயே கடைக்காரனும் கைவலைகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஓர் ஓரமாக நின்றான். அவன் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

இரண்டு பேர் மதகின் திருகில் கை வைத்தார்கள். கால்வாய் போய்ச் சேர்கிற பெரிய ஏரி அவர் கண் முன்னால் வந்தது.

"தொறக்காதீங்க!" என்று கத்தினார் கொசு ஆபீசர். தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாகிவிட்டது.

"ஏங்க? இப்ப என்ன?" என்றாள் மனைவி.

"தண்ணியோட மீனும் போயிடும். இது முட்டை போடற மீன் இல்ல, குட்டி போடறது. வயித்துல குட்டியோட ஒரே ஒரு பொட்டை ஏரிக்குப் போனாப் போதும். மதகு மூடியே இருக்கட்டும். வலை போட்டுத்தான் புடிக்கணும்."

மனைவி அவரையே பார்த்தாள்.

"தெரியாதுன்னீங்களே."

"தெரியும். நான்தான் விட்டேன். வாளியில மிஞ்சினதைக் கொல்ல மனசில்லாம தினமும் இங்கதான் கொட்டினேன். இந்தத் தம்பி மேல ஒரு தப்பும் இல்ல."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், யாரோ திட்டினார்கள். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. மனைவி நேரே கடைக்காரனிடம் போனாள்.

"தம்பி, நான் அன்னிக்கு..."

"விடுங்க அக்கா. பாட்டிலைப் பாத்ததுமே என்ன மீன்னு எனக்குத் தெரியும். யார் கொண்டு வந்திருப்பாங்கன்னும் தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"அத்தனை பேருக்கு முன்னாடி அப்படி நியாயம் கேட்டுக்கிட்டு நின்னீங்க. உங்க வீட்டுக்காரர்னு எப்படி அக்கா சொல்றது? சார் தானாவே சொல்லிடுவாருன்னு பாத்தேன்." வலைகளைப் பிரித்துக்கொண்டே, "கடையைக் காலி பண்றதாச் சொல்லிட்டேன். வேற ஊருல ஒரு எடம் பாத்திருக்கேன்" என்றான்.

ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார் கொசு ஆபீசர். அவருக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மனைவி திரும்பினாள். கத்தவில்லை. எப்போதும் போடுகிற சண்டையில் ஒரு துளியாவது போடமாட்டாளா என்று அவர் ஏங்கினார்.

"நான் அந்தப் புள்ளையை அப்படிப் பேசும்போது, நீங்க என் பின்னாலதானே நின்னுக்கிட்டிருந்தீங்க?"

அவர் தலையை ஆட்டினார்.

அவள் கடைக்காரனிடமிருந்து ஒரு வலையை வாங்கிக்கொண்டு குளத்தில் இறங்கினாள். அவனும் இறங்கினான். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் இறங்கினார்கள். கரையில் இன்னும் வலைகள் கிடந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு அவரும் போய் அவள் பக்கத்தில் நின்றார். அவள் வலையைத் தூக்கிக்கொண்டு எதிர்க் கரைக்கு நகர்ந்து போனாள்.